எந்த லீவுக்கு எந்தக் கப்பல்?

“பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை கப்பலில் போய்வர வேண்டும், எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?” என்று மறையூரிலும் இப்போது கேட்கிறார்கள். முன்பெல்லாம் இந்த ஊரில் இப்படி ஒரு கேள்வி எழுந்திருக்காது. காந்தளூர்ப் பக்கம் வரும் வெளியூர்க்காரர்களால் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கையில் கொஞ்சம் பணம் புழங்குகிறது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின் நம் வெல்லத்தின் பேரும் வெளியே தெரிகிறது. செல்போனைத் திறந்தால் கப்பல் விளம்பரம் வந்து நிற்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மலைக்கு நடுவில் வளர்கிற பிள்ளை, நாலு பக்கமும் தண்ணீராக விடிகிற ஒரு காலையைப் பார்த்தால் அது ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் கம்பெனியில் தொடங்குவது தலைகீழ் வழி. ஒரு கட்டன் டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் வயது. அடுத்தது பள்ளி லீவு. மூன்றாவது, அந்த லீவில் கடல் எப்படி இருக்கும் என்பது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே பாதிக் கப்பல்கள் தானாகக் கழிந்துவிடும். மிச்சமிருப்பதில்தான் கம்பெனியின் பேச்சு.

லீவிலிருந்து தொடங்குவோம். அதை மட்டும் நம்மால் மாற்ற முடியாது. கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஏப்ரல், மே பெரிய லீவு. ஓணத்துக்குப் பத்து நாள், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள். உடுமலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு: காலாண்டு, அரையாண்டு, கோடை. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை இங்கேயும் ஒரு பிள்ளை அங்கேயும் படித்தால் இரண்டு லீவும் சேரும் நாட்களை முதலில் காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கும் லீவு வேண்டுமே. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் வெல்லத்துக்குக் கிராக்கி, காந்தளூர்க் காய்கறிக்கும் அப்போதுதான் சந்தை. அந்த நேரத்தில் ஆலையை விட்டுவிட்டு யாரும் கிளம்ப முடியாது. அறுவடையும் வியாபாரமும் முடிந்தபின், திருவோணத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் நாலு நாள் கிடைக்கும்.

இனி கடல். மறையூரிலிருந்து இரண்டு பக்கமும் கடலுக்கு வழி உண்டு. மூணாறு, அடிமாலி வழியாக இறங்கினால் சுமார் 170 கிலோமீட்டரில் கொச்சி. சின்னாறு வழியாக உடுமலை இறங்கினால், பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாகச் சென்னை போகும் ரயில் இருக்கிறது. சின்னாறுப் பாதையில் யானை நடமாட்டம் உள்ளதால் இருட்டுவதற்கு முன் இறங்கிவிடுங்கள். இப்படி இரண்டு துறைமுகமும் கைக்கெட்டுகிற ஊர் நம்முடையது. எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்குவது என்பதுதான் கேள்வி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அரபிக்கடல் அப்போது கொந்தளிக்கும். லட்சத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் சிறு கலங்கள் மே 15 முதல் செப்டம்பர் 15 வரை ஓடுவதில்லை. ஆகவே ஓண லீவில் கொச்சியிலிருந்து கடல் பயணம் என்பதை மறந்துவிடுங்கள். ஆனால் அதே மாதங்களில் சென்னைப் பக்கம் கடல் அவ்வளவு மோசமாக இருக்காது. மூணாறில் கொட்டுகிற மழை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மறையூருக்கு வராமல் போகிறதல்லவா, அதே மேற்குத்தொடர்ச்சி மலைதான் தமிழ்நாட்டுக் கரையையும் மறைத்து நிற்கிறது. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை குறைவு. கிறிஸ்துமஸ் லீவில் கதை மாறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் புயலும் வங்கக்கடலில். அப்போது அரபிக்கடல் அமைதியாகக் கிடக்கும். ஏப்ரலிலும் மே முதல் வாரத்திலும் கொச்சிப் பக்கம் நல்ல கடல்தான், வெயில் மட்டும் கடுமையாக இருக்கும். மே பாதி தாண்டினால் வேண்டாம்.

நம் நாட்டிலிருந்து ஓடும் ஒரே பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனியான கார்டீலியாவும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது. அவர்களுடைய ‘எம்ப்ரஸ்’ 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று மேற்குக் கரையில் சுற்றும். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அதன் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போயிற்று: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மழைக்காலத்தில் கிழக்குக் கரை, மற்ற காலத்தில் மேற்குக் கரை என்பது இதிலிருந்து புரியும். ஒரு நுணுக்கம் சொல்கிறேன். ஓண லீவில் இலங்கைப் பயணம் எடுப்பதானால் திருகோணமலைக்கோ காங்கேசன்துறைக்கோ போகும் பயணத்தைத் தேடுங்கள். அம்பாந்தோட்டை இலங்கையின் தென்கரையில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தின் அலை அங்கே நேராக வந்து மோதும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு இரவு போதும், கப்பல் என்றாலே வேண்டாம் என்று சொல்வதற்கு.

வயதுக்கு வருவோம். இதைத்தான் அதிகமாக யோசிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தையைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. மூன்று வயது வரை பிள்ளைகள் மன்றத்தில், அதாவது அவர்கள் ‘கிட்ஸ் கிளப்’ என்று சொல்லும் இடத்தில், பெரும்பாலும் தனியாக விட முடியாது. நாம் பேசுவது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி. ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்: ஏழாம் வகுப்பில் பெண், பன்னிரண்டு வயது, மூன்றாம் வகுப்பில் பையன், எட்டு வயது. கப்பல் விளம்பரத்தில் நீச்சல் குளமும் சறுக்கும் பார்த்தவுடன் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் எட்டு வயதுப் பையனுக்குத்தான் எல்லாக் கப்பலிலும் இடம் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பெண்தான் நடுவில் மாட்டிக்கொள்வாள். சில கம்பெனிகளின் கப்பல்களில் மூன்று முதல் பதினொன்று வரை சிறுவர் பகுதி, பன்னிரண்டு முதல் பதினேழு வரை பதின்வயதுப் பகுதி. அதாவது நம் பெண் அங்கே போனால் பிளஸ் டூ படிக்கிற பையன்களும் இருக்கிற கூடத்தில் நிற்பாள். கூச்ச சுபாவமுள்ள பெண் என்றால் வாசலோடு திரும்பி வந்து கேபினில் உட்கார்ந்துகொள்வாள். டிஸ்னி கப்பல்களில் பதினொன்று முதல் பதினான்கு வரை தனி இடம், பதினான்கு முதல் பதினேழு வரை தனி இடம். இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்குப் பயணமே இதில்தான் இருக்கிறது. எந்தக் கம்பெனியானாலும் “என் பிள்ளையின் வயதுக்கு எந்தப் பிரிவு, அந்தப் பிரிவில் வேறு எந்த வயதுக்காரர்கள் வருவார்கள்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தம்பியாகப் போனால் இன்னொரு சிக்கல். வெவ்வேறு பிரிவில் விழுந்தால் இருவரையும் ஒன்றாக விளையாட விடமாட்டார்கள். வயதை மாற்றிச் சொல்லி ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்காதீர்கள், டிக்கெட்டில் பிறந்த தேதி இருக்கும்.

விளம்பரத்தில் வராத ஒன்று, மொழி. மறையூர்ப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவார்கள். இங்கிலீஷ் புரியும், பேசக் கூச்சம். இந்தி பெரும்பாலும் வராது. மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஓடுகிற கப்பலில் மேடை நிகழ்ச்சி, விளையாட்டு அறிவிப்பு எல்லாம் அநேகமாக இந்தியும் இங்கிலீஷும்தான். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இங்கிலீஷும் சீனமும். எட்டு வயதுப் பையன் விளையாட்டு தொடங்கினால் மொழியை மறந்துவிடுவான். பன்னிரண்டு வயதுப் பெண்ணால் அது முடியாது. சொந்தக்காரர் குடும்பம் ஒன்றையும், அதே வயதுப் பிள்ளையோடு, சேர்த்துக்கொண்டு போவது இதற்கு நான் கண்ட நல்ல வழி. அத்தை பிள்ளைகளோ சித்தி பிள்ளைகளோ கூட இருந்தால் எந்த மன்றத்திலும் கூச்சம் பறந்துவிடும். தாத்தா பாட்டியும் வந்தால் இன்னும் நல்லது. பெற்றோர் ஒரு மணி நேரமாவது கடலைப் பார்த்து உட்காரலாம்.

இன்னொரு டீ சொல்லலாம். அடுத்தது பாதுகாப்பு.

இடுக்கிக்காரர்களான நம்மிடம் படகு பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டரை வருடம் முன்பு, 2007 பிப்ரவரியில், தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கிப் பதினைந்து பள்ளிப் பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் போனார்கள். 2023 மே மாதம் தானூரில் 22 பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். இந்த மூன்றிலும் கடல் கொந்தளிக்கவில்லை, புயல் அடிக்கவில்லை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், லைஃப் ஜாக்கெட் போடாததும், படகின் குறைபாடும்தான் உயிரைக் குடித்தன. ஆகவே பெரிய கப்பலைப் பார்த்துப் பயப்படும் அளவுக்குக்கூட நாம் சின்னப் படகைப் பார்த்துப் பயப்படுவதில்லையே என்பது என் வருத்தம்.

உல்லாசக் கப்பல் பயணத்திலும் சின்னப் படகு வரும். துறைமுகம் இல்லாத தீவில் கப்பல் கரைக்கு அப்பால் கடலில் நங்கூரமிடும், பயணிகளைப் படகில் இறக்கிக் கரை சேர்ப்பார்கள். லட்சத்தீவில் பவளப்பாறைக்குள் பெரிய கப்பல் நுழைய முடியாது என்பதால் இது கட்டாயம். அலையில் படகு மேலும் கீழும் ஆடும்போது கப்பல் வாசலிலிருந்து அதற்குள் கால் வைக்க வேண்டும். எட்டு வயதுப் பையனை மாலுமி கையைப் பிடித்து வாங்கிக்கொள்வார். மூன்று வயதுக் குழந்தையையும் எழுபது வயதுப் பாட்டியையும் இறக்குவது கடினம். அந்தப் படகில் லைஃப் ஜாக்கெட் போடாமல் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், கூட இருப்பவர்கள் போடாவிட்டாலும் சரி.

சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று உண்டு, சோலாஸ் என்பார்கள். 1912-ல் டைட்டானிக் மூழ்கியதால் 1914-ல் பிறந்தது. அதன்படி வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில் பிள்ளைகளுக்கான லைஃப் ஜாக்கெட் பயணிகள் எண்ணிக்கையில் பத்து சதவீதத்துக்காவது இருக்க வேண்டும். பிள்ளைகள் அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. 15 கிலோவிலிருந்து 43 கிலோ வரை பிள்ளைகளுக்கான அளவு, அதற்குக் கீழே கைக்குழந்தைக்கான அளவு. கேபினில் நுழைந்ததும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பெரியவர்களுக்கானது மட்டும் இருந்தால் உடனே பணியாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதியை மாற்றி, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த நேரத்தில் நம் ஆட்கள் சாப்பாட்டுக் கூடத்திலோ போட்டோ எடுப்பதிலோ இருப்பார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். பிள்ளை மன்றத்தில் இருக்கும்போது மணி அடித்தால் நாம் அங்கே ஓடி அழைத்து வர வேண்டுமா, இல்லை அவர்களே நேராக ஒன்றுகூடும் இடத்துக்குக் கொண்டுவருவார்களா? இதை அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கப்பலுக்குக் கப்பல் வேறுபடும்.

நீச்சல் குளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவலாள் இருக்கும் கப்பல் சிலதான். பல கப்பல்களில் “உங்கள் பொறுப்பு” என்று பலகை மட்டும் இருக்கும். பாம்பாற்றில் குளித்துப் பழகிய பிள்ளை என்றாலும் கண்ணை எடுக்காதீர்கள். ஆடுகிற கப்பலில் குளத்துத் தண்ணீரும் ஒரு பக்கமாகத் திரண்டு வந்து தள்ளும்.

வாந்தி மயக்கத்தைப் பற்றித்தான் நம் ஊர்த் தாய்மார்கள் முதலில் கேட்பார்கள். மூணாறு ரோட்டு வளைவில் கவர் பிடிக்கிற பிள்ளை கப்பலில் என்ன ஆகும்? பஸ் போல வெடுக்கென்று திரும்புவது கப்பலில் கிடையாது. தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் மீன் துடுப்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். ஆனாலும் பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கப்பலிலும் வரும் வாய்ப்பு கூடுதல். கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நீளத்தில் நடுவிலும் உயரத்தில் கீழ்த்தளத்திலும் கேளுங்கள். முன்கோடியும் பின்கோடியும் மேலும் கீழும் போகும்போது நடுப்பகுதி அதிகம் அசையாது. விலையும் பெரும்பாலும் கீழ்த்தளத்தில்தான் குறைவு. ஜன்னலில்லாத உள்கேபின் இன்னும் மலிவு, ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத இருட்டு. சின்னப் பையன் பயப்படுவான். சிறிய இரவு விளக்கு ஒன்றை எடுத்துப் போங்கள். மாத்திரையைக் குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நம் சுக்கும் வெல்லமுமே ஓரளவு கைகொடுக்கும். வயிற்றுப்போக்கு பரவுவது கப்பலில் தெரிந்த விஷயம். நோரோ வைரஸுக்கு சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போது பணம். விளம்பரத்தில் வரும் விலை, இரண்டு பேர் ஒரு கேபினில் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்பது. அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகளைச் சேர்த்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும், சில சலுகைக் காலத்தில் இருக்கவே இருக்காது. ஆனால் வரியும் துறைமுகக் கட்டணமும் பணியாளர் கட்டணமும் பிள்ளைகளுக்கும் உண்டு. பெரிய அமெரிக்கக் கப்பல்களில் பணியாளர் கட்டணம் தலைக்கு ஒரு நாளைக்கு 18 டாலரை ஒட்டி இருக்கிறது. நாலு பேர், மூன்று இரவு என்றால் 216 டாலர். “பிள்ளைகள் இலவசம்” என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். இதற்கு மேல் குளிர்பானம், வைஃபை, கரையில் சுற்றிப் பார்க்கும் வண்டி. ஏஜென்டிடம் “நாலு பேருக்கும் சேர்த்து, எல்லா வரியும் கட்டணமும் போட்டு, கடைசித் தொகை எவ்வளவு?” என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பிரித்துப் பிரித்துச் சொல்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கப்பல் கம்பெனி நிலைக்குமா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். 2019 ஏப்ரலில் ‘கர்ணிகா’ என்ற கப்பலோடு மும்பையில் ஆரவாரமாகத் தொடங்கிய ஜலேஷ் குரூஸஸ், கொரோனாவில் அடிபட்டு 2020-லேயே மூடப்பட்டது. ‘ட்ரீம்’ கப்பல்களை ஓட்டிய கெண்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் விழுந்தது. அவர்கள் ஜெர்மனியில் கட்டி முடிக்காமல் நிறுத்திய பிரம்மாண்டக் கப்பலை டிஸ்னி வாங்கி, ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ என்று பெயரிட்டு, 2025 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஓட்டப்போவதாக அறிவித்தது. பிறகு அதை 2026 மார்ச்சுக்குத் தள்ளியது. கிறிஸ்துமஸ் லீவை நம்பிப் பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம், லீவைத் தர முடியாது. மார்ச்சில் நம் பிள்ளைகளுக்கு ஆண்டுப் பரீட்சை. ஆகவே புதுக் கப்பலின் முதல் சில மாதப் பயணங்களில் பள்ளிப் பிள்ளைகளுள்ள குடும்பம் பணம் போட வேண்டாம். ஒரு வருடம் ஓடிப் பழகட்டும்.

கார்டீலியாவின் எம்ப்ரஸ் பழைய கப்பல். 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டு ராயல் கரீபியன் கம்பெனியிடம் இருந்தது. கொள்ளளவுக் கணக்கில் 48 ஆயிரம் டன் சொச்சம். பழைய கம்பெனி விழுந்தபின்னும் சிங்கப்பூரில் ஓடும் ‘கெண்டிங் ட்ரீம்’ ஒன்றரை லட்சம் டன். பெரிய கப்பலில் சறுக்கும் நீர் விளையாட்டும் அதிகம், சின்னக் கப்பலில் பிள்ளை தொலையாது. முதல் பயணத்துக்கு எம்ப்ரஸின் அளவு எனக்குக் குறையாகப் படவில்லை. இந்தியச் சாப்பாடு கிடைக்கும், சைவமும் தனியாக உண்டு. கப்பலில் சூதாட்டக் கூடமும் மதுக்கூடமும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் புதுச்சேரியில் எதிர்ப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள், என்றாலும் கூட்டம் எப்படிப்பட்டது என்பது பயணத்தைப் பொறுத்தது. வார இறுதி இரண்டு இரவுப் பயணங்களில் நண்பர் கூட்டம் அதிகம். பள்ளி லீவின் நடுவில், வார நாளில் கிளம்பும் பயணத்தில் குடும்பங்கள் அதிகம் இருக்கும்.

லட்சத்தீவு நிர்வாகம் கொச்சியிலிருந்து நடத்தும் ‘சமுத்திரம்’ சுற்றுலா முற்றிலும் வேறு வகை. விசாகப்பட்டினத்தில் கட்டி 2008-ல் வந்த எம்.வி. கவரத்தி, 700 பேர் போகிற கப்பல். இரவில் கப்பல் ஓடும், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவில் இறக்கிவிடுவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மன்றத்தையோ மேடை நிகழ்ச்சியையோ எதிர்பார்க்காதீர்கள், தீவுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வந்துபோகிற கப்பல் அது. ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்றால் காலைச் சுற்றி மீன் ஓடுவதைப் பிள்ளை பார்க்கும். ஆழமில்லாத கடலில் நீச்சல் கண்ணாடி போட்டுப் பவளத்தைப் பார்க்கும். தீவுக்குப் போக இந்தியர்களுக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும், 1967-ம் ஆண்டு விதி அது. பயணங்கள் பருவமழைக்கு வெளியேதான், அட்டவணை வருடத்துக்கு வருடம் மாறும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த கப்பல் பயணம் நம் பக்கத்தில் இல்லை என்றே சொல்வேன். சறுக்கு எந்தத் தீம் பார்க்கிலும் இருக்கிறது. பவளத்தீவு வேறெங்கே இருக்கிறது?

மறையூர்க் குடும்பத்துக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது ஆகவில்லையா, கப்பல் வேண்டாம். கொச்சி போல்காட்டியிலிருந்து கேரள அரசின் ‘நெஃபர்டிட்டி’ சில மணி நேரம் கடலுக்குள் போய்வருகிறது, அது போதும். நாம் சொன்ன பன்னிரண்டு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் லீவிலோ ஏப்ரலிலோ கொச்சிப் பக்கம், இரண்டு அல்லது மூன்று இரவு, இன்னொரு குடும்பத்தோடு. ஓணம்தான் தோது என்றால் சென்னை. பெரியவள் எட்டாம் வகுப்பு முடிக்கும் முன் ஒரு தடவை லட்சத்தீவு. சிங்கப்பூர்க் கப்பல் அவசரமில்லை. விமானக் கட்டணம், விசா எல்லாம் சேர்த்தால் அது வேறு செலவு. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி வேறு நாட்டைத் தொட்டு மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்குவதால் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசாவும் வேண்டும்.

லட்சத்தீவு தவிர்த்த உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போதும். இலங்கை போகும் கப்பலுக்குக் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் தேவை, அதில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழான பிள்ளையின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். முன்பு எடுத்தது இருந்தால் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். புதிதாக எடுக்கப் பொதுவாகத் தாய் தகப்பன் இருவரின் ஒப்புதலும் வேண்டும், ஒருவர் வளைகுடாவில் இருந்தால் இன்னும் நாள் பிடிக்கும். ஓணத்துக்குச் சென்னையிலிருந்து கிளம்ப எண்ணமிருந்தால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.